மரக்குடிசை வேட்பாளர்

1840 ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் விக் கட்சி வேட்பாளர் வில்லியம் ஹென்றி ஹரிசனை எதிரணிப் பத்திரிகையொன்று ஏளனம் செய்தது: ஒரு பீப்பா அப்பிள் மதுவும் ஓய்வூதியமும் கொடுத்தால் மரக்குடிசையிலேயே காலத்தைக் கழித்துவிடுவாராம்! கட்சியினர் அதையே பிடித்துக்கொண்டனர். ஊர்வலங்களில் மரக்குடிசைகள் வலம்வந்தன. வாக்குரிமையற்ற பெண்களும் திரண்டு வந்தனர்.

உண்மையில் ஹரிசன் பிறந்தது வேர்ஜீனியாவின் பெரும் பண்ணை மாளிகையில். தந்தையார் சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர். சீமான் எனத் தூற்றப்பட்ட ஜனாதிபதி வான் பியூரனோ சத்திரக்காரரின் மகன்.

வேடம் மட்டும் வென்றதாகக் கொள்ளலாகாது. 1837 இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியால் நொந்திருந்த மக்கள், தம் சாயலில் ஒருவரைத் தேடினர். கட்சி கொள்கை அறிக்கைகூட வெளியிடவில்லை. அதை எத்தனை பேர் கேட்டிருப்பார்களோ! தேர்வாளர் வாக்குகள் ஹரிசனுக்கு 234, வான் பியூரனுக்கு 60.