இடையில் நின்றுபோகும் நீரிறைக்கும் இயந்திரம்: காரணமறிந்து திருத்துதல்

வெங்காயம் குமிழ் பருக்கும் காலத்திலும், மிளகாய் பூத்துக் காய்க்கும் காலத்திலும் இறைப்புத் தவறுமாயின் விளைச்சல் குன்றும். அத்தகைய நாளொன்றில் தோட்டம் பாதி நனையுமுன் இயந்திரம் நின்றுவிட்டால், கமக்காரர் பலர் உடனே காபுரேற்றரைக் கழற்ற முற்படுகின்றனர். அல்லது இயந்திரத்தைத் திருத்தகத்துக்கு ஏற்றிச் செல்கின்றனர். பெரும்பாலும் இவ்விரண்டும் வேண்டியதில்லை. இயந்திரம் எவ்விதம் நிற்கின்றது என்பதைக் கவனித்தால், குறை எங்குள்ளது என்பதை அதுவே காட்டும். வளியாற் குளிரும் சிறிய நான்கடிப்பு இயந்திரங்களுக்கு இங்கு கூறப்படுபவை பொருந்தும்.

நிற்கும் விதங்கள் மூன்று

எரிபொருள் போதாத இயந்திரம் ஏறியும் இறங்கியும் முழங்கி, மெல்ல ஓய்ந்து நிற்கும். தீப்பொறி அற்ற இயந்திரம் ஆளியை அணைத்தாற்போலச் சடுதியாக நிற்கும். வளி போதாத இயந்திரம் கரும்புகை கக்கி, வலுக் குன்றி நிற்கும். எனவே முதலிற் காதையும் கண்ணையும் பயன்படுத்துக. சாவியைப் பின்னர் எடுக்கலாம்.

1. மெல்ல ஓய்ந்து நிற்றல்

முதலில் எரிபொருள் தாங்கியின் மூடியைப் பார்க்க வேண்டும். மூடியிலுள்ள சிறு துவாரம் வழியாக வளி உட்செல்லாவிடில் தாங்கியினுள் வெற்றிடம் உண்டாகி, எரிபொருள் கீழிறங்குவது தடைப்படும். இயந்திரம் சிறிது நேரம் ஓடி நின்று, ஆறியபின் மீண்டும் ஓடுமாயின் இதனையே ஐயுறுக. நின்றவுடன் மூடியைத் தளர்த்துக. வளி உள்ளிழுக்கப்படும் ஓசை கேட்டு, இயந்திரமும் உடனே இயங்குமாயின் துவாரத்தைத் துப்புரவாக்குதலே போதுமான திருத்தமாகும்.

மூடியிற் குறையில்லையெனின், இயந்திரத்தை நன்கு ஆறவிட்டு, எரிபொருட் குழாயை அடைத்து, காபுரேற்றரின் அடியிலுள்ள திருகாணியைத் தளர்த்தி, மிதவை அறையிலுள்ள எரிபொருளை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் வடித்துப் பார்க்க வேண்டும். நீர் இருப்பின் அது அடியிற் குமிழாகத் திரண்டு நிற்கும். நீரோ துருவோ காணப்படின் தாங்கியையும் வடியையும் கழுவிப் புதிய எரிபொருள் இடுக. சோக் எனப்படும் வளியடைப்பைப் பாதி மூடினால் மட்டுமே இயந்திரம் ஓடுமாயின், காபுரேற்றரின் நுண்துவாரம் அடைபட்டிருக்கக்கூடும். அதனைக் கம்பியாற் குத்துதல் கூடாது. துவாரம் பெருத்தால் எரிபொருள் அளவு மாறிவிடும். பெற்றோலிற் கழுவி, காற்றூதித் துப்புரவாக்குக.

2. சடுதியாக நிற்றல்

பிளக்கைக் கழற்றிப் பார்க்க. கரி படிந்திருப்பின் துடைத்து, இடைவெளியைச் சரிசெய்க. இவ்வகை இயந்திரங்கள் பலவற்றுக்கு 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் வரையான இடைவெளி பொருந்தும். கைந்நூலிற் குறித்த அளவையே முதன்மையாகக் கொள்க. பிளக்கின் கம்பி தளர்ந்து அதிர்கின்றதா எனவும் நோக்குக.

சில இயந்திரங்களில் ஒயில் குறைந்தவுடன் தீப்பொறியைத் துண்டிக்கும் அமைப்பு உண்டு. ஒயில் போதியளவு இருந்தும், வரப்பிலோ கிணற்றோரச் சரிவிலோ இயந்திரம் சாய்ந்திருந்தால் இவ்வமைப்பு அதனை நிறுத்திவிடும். ஆதலால் இயந்திரத்தைச் சமதரையில் வைத்து ஒயிலளவைப் பார்த்த பின்னரே பிற சோதனைகளைச் செய்தல் வேண்டும்.

3. கரும்புகையுடன் நிற்றல்

வளியடைப்பு முற்றாகத் திறந்துள்ளதா எனப் பார்த்தபின், வளி வடியைக் கழற்றுக. கடற்பஞ்சு போன்ற வடியாயின் சவர்க்கார நீரிற் கழுவி, உலர்த்தி, புதிய ஒயிலிற் தோய்த்து, நன்கு பிழிந்து பூட்டுக. கடதாசி வடியை நனைக்காது தட்டித் தூசு நீக்குக. வடியின்றி இயந்திரத்தை ஓட்டினால் புழுதி உருளையைத் தேய்த்துவிடும்.

மண்ணெண்ணெய் பயன்படுத்துவோருக்கு

மண்ணெண்ணெயில் இயங்குமாறு ஆக்கப்பட்ட இயந்திரத்தைப் பெற்றோலில் தொடக்கி, நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுதல் வேண்டும். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் முற்றாக ஆவியாகாது. இயந்திரம் புகைந்து நிற்பதோடு, எரியாத எண்ணெய் உருளைச் சுவர்வழியே இறங்கி ஒயிலோடு கலக்கும். ஒயிலின் மட்டம் உயர்ந்து, மண்ணெண்ணெய் மணம் வீசினால் தாமதியாது ஒயிலை மாற்றுக. வேலை முடிந்து நிறுத்துமுன் சில நிமிடங்கள் பெற்றோலில் ஓட்டுக. இன்றேல் மிதவை அறையில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாட் காலை இயந்திரம் தொடங்காது. பெற்றோலுக்கென ஆக்கப்பட்ட இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றுதல் சிக்கனமன்று. அது இயந்திரத்தைத் தட்டச்செய்து பழுதாக்கும்.

கிணற்றினுள் நிற்கும் இயந்திரம்

நீர்மட்டம் தாழும் கோடையில் இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி இறைக்க முற்படுதல் உயிருக்கே இறுதியாகலாம். அங்கு புகை வெளியேறாது தேங்கும். தன் புகையையே தான் இழுக்கும் இயந்திரம் திணறி நின்றுபோகும். இயந்திரத்துக்கே வளி போதாத இடத்தில் மனிதனுக்கு எவ்வாறு போதும்? அப்புகையிலுள்ள காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. நின்ற இயந்திரத்தை மீண்டும் தொடக்க இறங்குபவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் அவ்வாறே விழுவார். எக்காரணங் கொண்டும் இறங்கற்க. தரையில் வைத்த பம்பி நடைமுறையில் ஏறக்குறைய 7 மீற்றர் ஆழத்திலிருந்தே நீரை உறிஞ்சவல்லது. நீர் அதனினுந் தாழுமாயின், நீருள் அமிழ்ந்தியங்கும் மின்பம்பியே தக்கது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

• எரிபொருளைக் கையாளும்போது விளக்கு, சுருட்டு, பீடி ஆகியன அருகில் இருத்தலாகாது.
• எரிபொருளைப் புனல்வழி வடிகட்டியே ஊற்றுக.
• நாள்தோறும் ஒயிலளவையும், வாரந்தோறும் வளி வடியையும் பார்க்க.
• இயந்திரத்தின் குளிர்த்தட்டுகளிற் படியும் புழுதியையும் வைக்கோலையும் நீக்குக.
• போகம் முடிந்தபின் தாங்கியையும் மிதவை அறையையும் வெறுமையாக்கி வைக்க. பல வாரங்கள் தேங்கிய பெற்றோல் பிசினாகி நுண்துவாரங்களை அடைக்கும்.

இவற்றை முறையே பார்த்தும் இயந்திரம் நிற்குமாயின், அது நிற்கும் விதத்தைத் திருத்துநரிடம் தெளிவாகக் கூறுக. குறையைத் தேடும் நேரமும், அதற்குரிய கூலியும் அதனாற் குறையும்; பயிரும் காலத்தில் நீர் பெறும்.