பதின்மூன்றாம் நாள்

(மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன், சானமாவு)

லேத் ஓட்டுகிறவனுக்குக் கருவியலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் நடந்த ஒன்றுதான் காரணம்.

நான் எட்டாவது படித்தபோது என் சித்திக்குப் பிறந்த இரட்டைக் குழந்தைகள் மார்போடு மார்பு ஒட்டியிருந்தன. உயிர் இல்லை. "கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தா. ஒட்டு வாழைப்பழத்தைத் தின்னா. பின்ன என்ன ஆகும்?" என்றார் பாட்டி. சானமாவு காட்டில் யானைக் கூட்டம் இறங்கிய சேதிகூட அவ்வளவு வேகமாக ஊரில் பரவியதில்லை. சித்தி ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. அது என்னை வருஷக்கணக்கில் உறுத்தியது. அதனால் படித்தேன்.

ஒரே கருமுட்டை இரண்டாகப் பிரிந்தால் ஒரே அச்சில் வார்த்த இரட்டையர் பிறப்பார்கள். எந்த நாளில் பிரிகிறது என்பதுதான் விஷயம். முதல் மூன்று நாளுக்குள் பிரிந்தால் ஆளுக்கொரு நஞ்சுக்கொடி, ஆளுக்கொரு பனிக்குடம். நான்கிலிருந்து எட்டு நாளுக்குள் என்றால் நஞ்சு ஒன்று, பனிக்குடம் இரண்டு. அதற்கும் பிந்தினால் இரண்டு பேரும் ஒரே பனிக்குடத்தில். பதின்மூன்றாம் நாளும் தாண்டிவிட்டால் முழுசாகப் பிரிய முடியாது. ஏனென்றால் தலை எந்தப் பக்கம், முதுகு எந்தப் பக்கம் என்று காட்டும் கோடு ஏறக்குறைய அப்போதுதான் கருவில் விழுகிறது. ஒரே தட்டில் இரண்டு கோடு விழுந்தால் உடல் இரண்டு, நடுவில் இணைப்பு. ஃபிட்டிங் ஷாப்பில் ஹேக்ஸாவால் பாதி அறுத்து நிறுத்திய பட்டை மாதிரி. (இரும்பு தானாக வளராது, கரு வளரும். உதாரணம் அதுவரைக்கும்தான்.) பிரிந்த இரண்டு கருக்கள் மறுபடி ஒட்டிக்கொள்கின்றன என்று சொல்லும் விஞ்ஞானிகளும் உண்டு. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் அதுவும் ஆரம்ப வாரங்களில் நடப்பதாகத்தான் அவர்களும் சொல்கிறார்கள்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. ஜெர்மனியில் ஹான்ஸ் ஸ்பீமன் என்பவர் ஒரு குழந்தையின் தலைமுடியைச் சுருக்குப் போட்டு, நீர்ப்பல்லியின் கருவை நடுவில் இறுக்கினார். முழுசாக இறுக்கினால் இரண்டு பல்லி. அரைகுறையாக இறுக்கினால் இரண்டு தலை, ஒரு உடல்! அவருடைய மாணவி ஹில்டே மாங்கோல்டு ஒரு கருவின் சின்னத் துணுக்கை இன்னொரு கருவில் ஒட்டவைத்தார். அந்த இடத்தில் இரண்டாவது உடல் முளைத்தது. அது வெளிவந்தது 1924-ல். ஸ்பீமனுக்கு நோபல் பரிசு 1935-ல்.

சில சமயம் ஒட்டியவர்களில் ஒருவரின் வளர்ச்சி நின்றுபோகும். தலையோ இதயமோ இல்லாமல், மற்றவரின் ரத்தத்தில் கை, கால் மட்டும் வளரும். இதற்கு ஒட்டுண்ணி இரட்டை என்று பெயர். தூரத்துக் கதை இல்லை. ஓசூரில் பெங்களூர் பஸ் ஏறி அத்திப்பள்ளி, சந்தாபுரம் தாண்டினால் பொம்மசந்திரா. அங்கே நாராயணா ஹெல்த் சிட்டியிலிருந்த ஸ்பர்ஷ் ஆஸ்பத்திரிக்கு 2007-ல் பீகாரிலிருந்து ஒரு 2 வயதுப் பெண் குழந்தை வந்தது. நான்கு கை, நான்கு கால். தலையில்லாத இரட்டை இடுப்பில் ஒட்டியிருந்தது. அந்த நவம்பரில் டாக்டர் சரண் பாட்டீல் தலைமையில் 30-க்கும் மேற்பட்ட டாக்டர்கள் மாறிமாறி நின்று 27 மணி நேரம் ஆபரேஷன் செய்து பிரித்தார்கள். குழந்தை பிழைத்தது.

அந்தக் குழந்தையை அதன் ஊரில் அம்மன் என்று கும்பிட்டார்களாம். அங்கே சாமி, எங்கள் வீட்டில் சாபம். கரு என்னவோ ஒரே மாதிரிதான் பிசகியிருக்கிறது.

போன பொங்கல் லீவில் சித்தியிடம் இதையெல்லாம் சொன்னேன். ராகி புடைத்துக்கொண்டே கேட்டார். பதின்மூன்றாம் நாள் என்றதும் கை நின்றது.

"அப்பல்லாம் முழுகாம இருக்கேன்னு எனக்கே தெரியாதே கண்ணு?"

"தெரியாது சித்தி. நாள் தள்ளியே இருக்காது."

"கிரகணம் வந்தது அஞ்சாம் மாசம்."

"ஆமா சித்தி."

"வாழைப்பழம் அதுக்கும் அப்புறம்." கொஞ்ச நேரம் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "இத உங்க பாட்டிகிட்ட ஒருவாட்டி சொல்லு. நான் பக்கத்துல இருக்கறப்ப சொல்லு."