மாத்திரை நின்னு போயிருமா அக்கா?



விளாத்திகுளம் பக்கம் ஒரு ஊரில் குழுக் கூட்டம். சேமிப்பு கட்டி, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டு எல்லோரும் கிளம்பியாச்சு. ஒரு சகோதரி மட்டும் தயங்கி நின்றார். "அக்கா, எய்ட்ஸுக்குக் குடுக்குற பணத்த அமெரிக்காவுல நிறுத்திட்டாகளாமே, டிவியில சொல்றாக. நம்ம ஆஸ்பத்திரியில குடுக்குற மாத்திரையும் நின்னு போயிருமா?" என்று கேட்டார்.

யாருக்காகக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம். ஆனால் பதில் நம் எல்லோருக்கும் தெரிய வேண்டும். இந்த மாதப் பாடம் அதுதான்.

பணம் வந்த கதை

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும், அவரிடம் படித்த டாக்டர் நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார்கள். அவற்றை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரிந்தது.

1992-ல் மத்திய அரசு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பைத் தொடங்கியது. அதற்கு உலக வங்கி 8 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்தது. இனாம் அல்ல, கடன். நாம் வங்கியில் வாங்குவது போலத் திருப்பிக் கட்ட வேண்டிய பணம். 1994-ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. அடுத்த ஆண்டில் அமெரிக்க உதவியும், 2002-க்குப் பிறகு உலக நிதியத்தின் உதவியும் வந்தன. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமானது. முதலில் தொடங்கிய இடங்களில் தாம்பரமும் ஒன்று.

மாத்திரை மட்டும் போதுமா?

போதாது. சோதனை சரியாக இருந்தால்தான் மருந்தும் சரியாக இருக்கும். கிட், இயந்திரம், குளிர்பெட்டி, பயிற்சி பெற்ற லேப் டெக்னீசியன், ஆலோசகர் எல்லாம் வேண்டும். வெளிப் பணத்தில் ஒரு பங்கு இதற்குத்தான் போனது.

கடைத் தராசுக்கு முத்திரை வைக்கிறார்கள் அல்லவா? லேபுக்கும் அப்படித்தான். முடிவு முன்பே தெரிந்த ரத்த மாதிரிகளைப் பெரிய லேப், சின்ன லேபுக்கு அனுப்பும். சரியாகச் சொல்கிறதா என்று பார்க்கும். விரல் நுனி ரத்தத்தில் 'இருக்கு' என்று வந்தாலும் அது முடிவு அல்ல. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் மூன்று வகைக் கிட்டில் பார்த்த பிறகே உறுதி செய்கிறார்கள்.

மருந்து சாப்பிடுகிறவருக்கு ரத்தத்தில் கிருமி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று வருடந்தோறும் வைரஸ் அளவுப் பரிசோதனை செய்கிறார்கள். கிருமி கண்ணுக்குப் படாத அளவு குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது. கர்ப்பிணிக்கு முதலிலேயே சோதித்து மருந்து கொடுத்தால் பிள்ளையைக் காப்பாற்றலாம். மருந்தை விட்டுவிட்டுச் சாப்பிட்டால் கிருமி அதற்குப் பழகிப்போகும். பிறகு அந்த மருந்து கேட்காது.

சரி, மாத்திரை நிற்குமா?

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் மையங்கள் மூடின, ஊழியர்கள் வேலை இழந்தார்கள். டிவியில் சொன்னது பொய் அல்ல.

நம் நாட்டு நிலைமை வேறு. 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாம் கட்டத் திட்டத்துக்கு மத்திய அரசு தன் பட்ஜெட்டிலிருந்தே 15,471.94 கோடி ரூபாய் ஒதுக்கியது. வெளி உதவியில் ஆரம்பித்த வேலையை நம் வரிப்பணத்தில் நடத்தப் பழகிவிட்டோம். அதனால் அமெரிக்கா நிறுத்தியதற்காக நம்ம ஊர் மாத்திரை நிற்காது.

நம் குழுக்களின் கதையும் இதுதானே? 1989-ல் தர்மபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கியது, ஐ.நா.வின் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதிய உதவியில்தான். பிறகு மாநில அரசு மகளிர் திட்டமாக எடுத்து நடத்தியது. இன்று நம் சேமிப்பில் நிற்கிறோம். அடுத்தவர் கொடுத்த விதையில் ஒரு வெள்ளாமை எடுக்கலாம். அடுத்த வருசத்துக்கு விதை எடுத்து வைத்தால்தான் கரிசல் காட்டில் பிழைப்பு.

நாம் செய்ய வேண்டியது

லேப் நன்றாக இருந்தும், "ஊருக்குத் தெரிஞ்சிருமே" என்று ஒருத்தி சோதனைக்குப் போகாவிட்டால் அத்தனை கோடியும் வீண். அந்தப் பயத்தைப் போக்க எந்த நாட்டுப் பணமும் வராது. அது நம் கையில் இருக்கிறது.

- கர்ப்பிணிகள் எல்லோரையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். தேவைப்பட்டால் துணைக்குப் போங்கள்.
- ஒருவருடைய நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லாதீர்கள். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் இதைத் தடை செய்கிறது. வேலையிலும் பள்ளியிலும் ஒதுக்குவதற்கும் தடை உண்டு.
- சந்தேகம் இருந்தால் 1097-க்குப் போன் செய்யுங்கள். கட்டணம் இல்லை.

அடுத்த கூட்டத்தில் பேச: நம் குழுவில் ஒருவருக்கு இந்த நோய் என்று தெரிந்தால், கடன் கொடுப்பதிலும், பக்கத்தில் உட்கார்வதிலும், அவர் வீட்டில் காபி குடிப்பதிலும் நாம் மாறுவோமா? மனசைத் தொட்டுப் பேசுங்கள்.

கேட்ட அந்தச் சகோதரிக்கு நன்றி. மாத்திரையை ஒரு நாளும் விட வேண்டாம் என்று, யாருக்காகக் கேட்டாரோ அவரிடம் சொல்லுங்கள்.