பல் காப்பீடும் ஆண்டு உச்சவரம்பும்

கேள்வி: அமெரிக்காவில் பல் காப்பீடு இருந்தும் சிகிச்சைச் செலவில் பெரும்பகுதியை நோயாளியே ஏற்க நேர்வது ஏன்? பயனை முழுமையாகப் பெற வழி உண்டா?

பதில்: மருத்துவக் காப்பீடு பொதுவாக நோயாளியின் செலவுக்கு எல்லை வகுக்க, பல் காப்பீடோ ‘ஆண்டு உச்சவரம்பு’ என்ற பெயரில், பெரும்பாலும் 1,000 முதல் 2,000 டாலருக்குள், நிறுவனத்தின் பொறுப்புக்கே எல்லை வகுப்பதால், நடைமுறையில் அது முன்பணம் செலுத்திப் பெறும் தள்ளுபடியையே ஒத்திருக்கிறது. பரவலான திட்டங்களில் பரிசோதனைக்கும் பல் சுத்தம் செய்வதற்கும் முழுத்தொகையும், சொத்தை அடைப்பதற்கு 80 விழுக்காடும், பல்லுக்கு உறையிடுவதற்கு 50 விழுக்காடும் வழங்கப்படுகின்றன. வேர் சிகிச்சை எந்தப் பிரிவில் அடங்கும் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறுபடும்.

பயன்படுத்தாத தொகை பெரும்பாலான திட்டங்களில் ஆண்டு முடிவில் காலாவதியாகிவிடுவதால், சிகிச்சையின் காலத்தைத் திட்டமிடுவதில்தான் ஆதாயம் உள்ளது. எடுத்துக்காட்டாக, உச்சவரம்பு 1,500 டாலராகவும், நோயாளி ஆண்டுதோறும் முதலில் ஏற்கவேண்டிய ‘கழிவுத்தொகை’ 50 டாலராகவும் உள்ள திட்டத்தில், 80 விழுக்காட்டுப் பிரிவில் வரும் 1,200 டாலர் வேர் சிகிச்சையை டிசம்பரிலும் 1,400 டாலர் உறையை ஜனவரியிலும் செய்துகொண்டால், இருமுறை கழிவுத்தொகை போக 920, 675 என மொத்தம் 1,595 டாலர் கிடைக்கும்; ஒரே ஆண்டில் செய்தால் 1,500 டாலரோடு நின்றுவிடும். ஆதாயம் 95 டாலர் மட்டுமே என்பதால், மருத்துவர் தாமதம் கூடாது என்னும் நிலையில் இக்கணக்குக்கு இடமில்லை. பெரிய சிகிச்சைக்கு முன்னர், நிறுவனம் எவ்வளவு தரும் என்ற மதிப்பீட்டை மருத்துவமனை வழியாக எழுத்தில் கேட்டுப் பெறலாம். புதிதாகச் சேர்ந்தோருக்குப் பல திட்டங்கள் விதிக்கும் காத்திருப்புக் காலமும் அப்போதே தெரியவரும்.