பூட்டியின் தாலாட்டு

பிள்ளைகளே, என் அம்மம்மா யாழ்ப்பாணத்தில் பாடிய தாலாட்டு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. முதலில் அது ஒரு கசற்றில் இருந்தது. நான் மெல்பேர்ணில் பள்ளியில் படித்தபோது அதைக் கணினியில் ஏற்றினேன். இடத்தை மிச்சம் பிடிக்க, மிகச் சிறிய எம்பி3 கோப்பாக மாற்றினேன். "இனி இது எதுக்கு?" என்று கசற்றை எறிந்துவிட்டேன்.

போன மாதம் என் மகள் அந்தத் தாலாட்டைக் கேட்டாள்.

"அப்பா, பூட்டி ஏன் தண்ணிக்குள்ள இருந்து பாடுறா?"

ஏன் அப்படிக் கேட்டது? வாங்கோ, பார்ப்போம்.

ஒலி என்பது காற்றில் எழும் அலை. சீடியில் அந்த அலையை ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளந்து எண்களாக எழுதி வைப்பார்கள். நாலு நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ 42 மெகாபைட் இடம் வேண்டும். எம்பி3 கோப்பிலோ 4 மெகாபைட் அளவே போதும். மீதி எங்கே போனது?

கோயிலில் தவில் முழங்கும்போது பக்கத்தில் நிற்கும் நண்பன் குசுகுசுத்தால் கேட்குமா? கேட்காது. பெரிய ஒலி சின்ன ஒலியை மறைத்துவிடும். அப்படி மறையும் ஒலிகளை எம்பி3 விட்டுவிடுகிறது.

எம்பி3-ஐ உருவாக்கியவர்களில் ஒருவர் ஜெர்மனியின் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க். அவர் சோதனைக்கு சுசான் வேகா பாடிய 'டாம்ஸ் டைனர்' பாட்டை எடுத்தார். அதில் வாத்தியம் இல்லை, ஒரு பெண்ணின் குரல் மட்டும்தான். முதலில் அந்தக் குரல் மோசமாகக் கேட்டது. தனிக்குரலில் பிழையை மறைக்க வேறு சத்தம் இல்லையே! அவர் திரும்பத் திரும்பக் கேட்டுத் திருத்தினார். 1995இல் இந்தக் கோப்புகளுக்கு 'எம்பி3' என்ற பெயர் வந்தது.

அம்மம்மாவின் தாலாட்டும் தனிக்குரல்தான். நாலு நிமிடத் தாலாட்டை நான் 1 மெகாபைட்டுக்குள் அடக்கினேன். அதனால் காதுக்குக் கேட்கும் ஒலிகளும் போய்விட்டன. இப்போது அதைப் பெரிய கோப்பாக மாற்றினாலும் போன ஒலி திரும்பி வராது.

நினைவில் வைத்திருங்கள்

1. கோப்பை அப்படியே பிரதி எடுத்தால் ஒலி குறையாது. எம்பி3-ஐ மறுபடி மறுபடி எம்பி3 ஆக மாற்றினால் குறையும்.
2. ஊருக்குப் போகும்போது உடுப்பை மடித்துப் பெட்டியில் வைக்கிறோம். விரித்தால் பழையபடி வரும். 'ஃபிளாக்' கோப்பும் அப்படித்தான். அதில் ஒலி எதையும் எறிவதில்லை. ஆனால் எம்பி3-ஐ விடக் கூடுதல் இடம் பிடிக்கும்.
3. மூலப் பதிவை ஒருநாளும் எறியாதீர்கள்.

புதிய சொற்கள்

பூட்டி – பாட்டியின் அல்லது தாத்தாவின் அம்மா
கோப்பு – கணினியில் சேமித்து வைப்பது
மூலப் பதிவு – முதன்முதலில் பதிந்தது

விடை சொல்லுங்கள்

1. தவில் முழங்கும்போது குசுகுசுப்பது ஏன் கேட்பதில்லை?
2. தனிக்குரலில் பிழை ஏன் தெளிவாகத் தெரியும்?

செய்து பாருங்கள்

இந்த வாரம் உங்கள் அம்மம்மா, அப்பம்மா அல்லது தாத்தாவிடம், "எனக்கு ஒரு பாட்டுப் பாடுங்கோ" என்று கேளுங்கள். சத்தமில்லாத அறையில் பதிவு செய்யுங்கள். மூலப் பதிவை இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். உங்கள் பிள்ளைகளும் ஒருநாள் அதைக் கேட்பார்கள்.