இணையம் அறுந்தாலும் இயங்கும் உள்ளகச் சூழல்

வலைச் செயலியை இணையத்தில் ஏற்றுவதற்கு முன் தம் கணினியிலேயே ஓட்டிப் பார்ப்பதற்காக ஒருவர் நிறுவிக்கொள்ளும் நிரல்மொழி இயக்கி, தரவுத்தளம், வலைச் சேவையகம் ஆகியவற்றின் தொகுதி உள்ளக உருவாக்கச் சூழல் எனப்படும். 'லோக்கல்ஹோஸ்ட்' எனப்படும் 127.0.0.1 என்ற முகவரிக்கு உலாவி அனுப்பும் கோரிக்கை கணினியை விட்டு வெளியேறுவதில்லை. ஆகவே இச்சூழல் இயங்க இணையம் தேவைப்படக் கூடாது. ஆயினும் நடைமுறையில் உள்ள வழிகாட்டிகளிற் பெரும்பாலானவை, தடையற்ற மின்சாரமும் வேகமான இணைப்பும் எங்கும் உண்டு என்று கொண்டே எழுதப்பட்டுள்ளன.

இலங்கை மலையகத்தின் நோட்டன் பிரிட்ஜில் அவ்வாறு கொள்ள இயலாது. 1965இல் இயங்கத் தொடங்கிய விமலசுரேந்திர நீர்மின் நிலையம் அங்கே இருந்தாலும், அதன் மின்சாரம் தேசிய வலையமைப்புக்கே செல்வதால், அருகில் வாழ்வோருக்கு அது தனிக் காப்பு ஆவதில்லை. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. மலைமடிப்புகளுக்கிடையே அலைபேசி இணைப்பும் இடத்துக்கிடம் மாறுவதோடு, டேட்டா பணம் கொடுத்து வாங்கும் பொருளாகவும் இருக்கிறது. எனவே இங்கு நல்ல சூழலுக்கு உரிய சோதனை ஒன்றே: இணைப்பைத் துண்டித்து, மடிக்கணினியை அணைத்து மீண்டும் இயக்கும்போது செயலி முழுமையாக எழ வேண்டும்.

இச்சோதனையில் முதலில் தோற்பது பெரும்பாலும் பக்கத்தின் எழுத்துரு. வெளிச் சேவையகத்திலிருந்து வரும்படி விட்ட எழுத்துருவையும் பாணிக் கோப்புகளையும் திட்டத்தின் கோப்புறைக்குள்ளேயே இறக்கி வைப்பது இதற்குத் தீர்வாகும். அடுத்தது சார்புப் பொதிகள், அதாவது செயலி நம்பியிருக்கும் பிறர் எழுதிய நிரற்றொகுதிகள். பைதனில் 'பிப் டவுன்லோட்' கட்டளையால் இவற்றை ஒருமுறை இறக்கி வைத்தால், பின்னர் இணையமின்றி அக்கோப்புறையிலிருந்தே நிறுவலாம். டொக்கர் பயன்படுத்துவோர், செயலியும் அதற்கு வேண்டிய அனைத்தும் அடங்கிய 'இமேஜ்' என்ற பொதியை 'சேவ்' கட்டளையால் ஒரே கோப்பாக்கிப் பென் டிரைவில் கொடுத்தனுப்பினால், பெறுபவர் 'லோட்' கட்டளையால் அதை ஏற்றிக்கொள்வார். அருகிலுள்ள ஹட்டன் நகரில் நல்ல இணைப்புள்ள ஒருவர் இறக்கியதை நோட்டன் பிரிட்ஜில் நால்வர் பயன்படுத்துவதற்கு இதைவிட மலிவான வழி இல்லை.

டேட்டாவை மிச்சப்படுத்த, இமேஜுக்கு அல்பைன் என்ற மிகச் சிறிய லினக்ஸ் அடித்தளத்தைத் தேர்வது நியாயமே. ஆனால் அதில் நேரவலயத் தரவு இயல்பாக அடங்கியிருப்பதில்லை. ஏசியா/கொழும்பு என்று அமைத்த பிறகும், தமக்குள் அத்தரவைக் கொண்டிராத நிரல்கள் எவ்வித எச்சரிக்கையும் இன்றி உலகப் பொது நேரத்தையே காட்டும். இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது என்பதால், தேயிலைத் தொழிற்சாலையில் அதிகாலை 2 மணிக்குப் பதிந்த கணக்கு முந்திய நாளின் கணக்கில் விழுந்துவிடும். 'டிசட்டேட்டா' என்ற சிறு பொதியை அடித்தளத்தில் சேர்த்து, நள்ளிரவுக்குப் பிந்திய ஒரு பதிவைச் சோதனைத் தரவில் வைத்துவிட்டால் இப்பிழை உருவாக்குபவரின் மேசையிலேயே பிடிபடும்.

சோதனைத் தரவுக்கு இன்னும் சற்று அக்கறை தேவை. தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து நிறுவையையும், தொழிலாளரின் நாட்கூலிப் பதிவேடான செக்ரோலையும் பதியும் செயலி ஒன்றை எடுத்துக்கொண்டால், ஒரு நாட் கூலிக்குரிய பதிவு 'பேர்' என்றும், குறித்த கிலோ எடுக்காதபோது 'அரைப்பேர்' என்றும் வழங்குவதால், முழுஎண்ணாக வரையறுத்த களத்தில் அரைப்பேர் ஒன்றில் முழுப்பேராகும், இல்லையேல் பூச்சியமாகும். இவ்விரண்டில் பின்னது ஒரு தொழிலாளியின் கூலியைப் பறிப்பதாகும். அடையாள அட்டை எண்ணும் இருவகைப்படும்: ஒன்பது இலக்கங்களுடன் ஓர் ஆங்கில எழுத்து கொண்ட பழையது, 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்கப் புதியது. சோதனைத் தரவில் இரண்டும் இருக்க வேண்டும். ஆனால் அவை கற்பித்த எண்களாகவே இருக்க வேண்டும். உண்மையான செக்ரோலை மடிக்கணினிக்குப் படியெடுத்துச் சோதிப்பது, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இல்லாதிருந்தாலும் செய்யத் தகாத செயலாகும். அம்மடிக்கணினி பழுதுபார்க்கும் கடையில் சில நாள் கிடந்தாலே, லயம் எனப்படும் தோட்டக் குடியிருப்புகளில் வாழும் குடும்பங்களின் பெயரும் எண்ணும் கூலியும் அந்நியர் கையில் இருக்கும்.