சூளைக்காரர் மகனும் டூயிஸ்பர்க் பான்கேக்கும்



விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோயிலுக்கு அடுத்தபடியாக நினைவுக்கு வருவது பீங்கான். ஃபியூஸ் கட்டை, மின்காப்புக் குமிழ், பொம்மை என்று பலவும் இவ்வூர்ச் சூளைகளில் வெந்து வெளிவருகின்றன. சூளையில் வேலை பார்க்கும் ஒருவரின் மகன் என்னிடம் இயற்பியல் பயின்றார். மேற்படிப்புக்காக ஜெர்மனியிலுள்ள டூயிஸ்பர்க் நகருக்குச் சென்ற அவர், அங்கிருந்து எனக்கு இப்படி எழுதினார்:

"சார், தினமும் கடையில் சாப்பிடக் கையில் பணமில்லை. தோசை மாவு கரைத்து வைத்தேன். குளிரில் இரண்டு நாளாகியும் புளிக்கவில்லை. பக்கத்து அறை நண்பர், கோதுமை மாவும் முட்டையும் பாலும் கலந்து பான்கேக் சுடச் சொன்னார். விடுதி அடுக்களையில் தராசு கிடையாது. மின்சாரத் தட்டடுப்பும், அடி புடைத்த மெல்லிய எவர்சில்வர் வாணலியும்தான் உண்டு. நடுவில் கரி, ஓரத்தில் பச்சை மாவு. மூன்று நாளாக அதைத்தான் தின்கிறேன்."

நான் சமையல் அறிந்தவன் அல்லன். ஆயினும் இது வெப்பவியல் பாடம் என்பது விளங்கிற்று. நான் எழுதிய பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

வாயு எங்கிருந்து வரும்?

தோசை மாவைப் பொங்க வைப்பது, நுண்ணுயிர்கள் வெளியிடும் கரியமில வாயு. நம் ஊர் வெப்பத்தில் ஓரிரவில் முடியும் அவ்வேலை குளிரில் மிக மெதுவாகிறது. எனவே வாயுவை வேறு வழியில் பெற வேண்டும். சமையல் சோடாவுடன் தயிரின் அமிலம் சேர்ந்தால் அதே வாயு உடனே கிடைக்கிறது. பிரிட்டனில் ஆல்ஃபிரட் பேர்டு என்பவர், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக 1843இல் பேக்கிங் பவுடரை உருவாக்கியதும் இதே முறையில்தான்.

84 கிராம் சோடா, அறை வெப்பநிலையில் சுமார் 24 லிட்டர் கரியமில வாயு தரும். அரைத் தேக்கரண்டி, அதாவது சுமார் 2 கிராம் சோடா எவ்வளவு தரும்? கணக்கிட்டால் அரை லிட்டருக்கு மேல் வருகிறது. ஒரு டம்ளர் மாவுக்கு இது போதும்.

தராசு இல்லையே என்று கலங்க வேண்டியதில்லை. ஒரே டம்ளரால் ஒரு பங்கு மாவு, ஒரு பங்கு தயிர் அளந்து, ஒரு முட்டை சேர்த்து முள்கரண்டியால் கலக்கலாம். கெட்டியாக இருந்தால் சிறிது பால் விடலாம். அதிகம் அடித்தால் கோதுமையின் குளூட்டன் வலுத்து, பான்கேக் தோல்போல் இழுபடும். சிறு கட்டிகள் இருப்பதில் குற்றமில்லை. கலந்ததும் சுட வேண்டும். தாமதித்தால் வாயு வெளியேறிவிடும்.

நடுவில் ஏன் கருகிற்று?

வெப்பக் கடத்துதிறனை வாட்/மீட்டர்-கெல்வின் அலகில் பாருங்கள். அலுமினியம் சுமார் 237, வார்ப்பிரும்பு சுமார் 50, எவர்சில்வர் சுமார் 16, காற்று 0.025 மட்டுமே. புடைத்த அடியின் நடுப்பகுதிதான் அடுப்பைத் தொடுகிறது. சுற்றிலும் இருப்பது காற்று. நடுவில் ஏறிய வெப்பம் பக்கவாட்டில் பரவ, மெல்லிய எவர்சில்வர் எளிதில் விடுவதில்லை. நம் கனமான தோசைக்கல்லில் இத்தொல்லை குறைவு.

இதற்கு வழி என்ன? தீவிரத்தைக் குறைத்து, வாணலியை ஐந்து நிமிடம் காயவிட்டு, சுடும்போது அடிக்கடி நகர்த்தித் திருப்ப வேண்டும்.

வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு துளி நீர் தெளித்துப் பார்க்கலாம். துளி அப்படியே கிடந்தால் சூடு போதாது. சீறி ஓரிரு நொடியில் மறைந்தால் சரி. முத்துப்போல் உருண்டோடினால் சூடு மிகுதி. துளிக்கடியில் உண்டான நீராவிப் படலம் அதைத் தாங்கி நிற்கிறது. இதைப் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் ஆராய்ந்து 1756இல் நூலாக வெளியிட்டவர் லைடன்ஃப்ராஸ்ட். அவர் பேராசிரியராக இருந்த ஊர் எது தெரியுமா? அதே டூயிஸ்பர்க்!

சூளை சொல்லும் பாடம்

ஈரமான பாண்டத்தைச் சூளையில் வைத்து விரைவாகச் சூடேற்றினால் என்ன ஆகும்? ஒரு கன சென்டிமீட்டர் நீர், ஆவியாகும்போது சுமார் 1,700 கன சென்டிமீட்டராக விரிகிறது. வெளியேற வழியின்றிப் பாண்டம் வெடிக்கிறது. ஆகவே முதலில் நன்கு உலர்த்தி, பின் மெல்ல மெல்லச் சூடேற்றுகிறார்கள்.

பான்கேக்கில் அந்த ஆவி நமக்கு வேண்டியதே. வாயுவோடு சேர்ந்து குமிழிகளைப் பெரிதாக்குகிறது. சுமார் 60° முதல் 80° செல்சியஸுக்குள் மாச்சத்தும் முட்டையும் இறுகி, குமிழிகள் நிலைத்துவிடுகின்றன. ஆனால் மாவு ஓர் அரிதிற்கடத்தி. அவசரப்பட்டால் வெப்பம் உள்ளே செல்வதற்குள் அடி கருகிவிடும். மேலே தோன்றும் குமிழிகள் உடைந்து, துளைகள் மூடாமல் நின்றால், அதுவே திருப்பிப் போடும் நேரம்.

பதினைந்து நாள் கழித்து மறுகடிதம் வந்தது. "முதல் மூன்று கோணல், நான்காவது சரியாக வந்தது. அடுத்த அறையினருக்கும் கொடுத்தேன். அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். 'சூளைக்கு அவசரம் ஆகாதுன்னு இத்தனை வருஷமா சொல்றேன், இப்பத்தான் காதுல ஏறிச்சா?' என்று சிரித்தார்."

நீங்களே செய்து பாருங்கள்

பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, இரும்புத் தோசைக்கல்லிலும் மெல்லிய எவர்சில்வர் வாணலியிலும் ஒரே மாவை ஒரே அளவு ஊற்றிச் சுடுங்கள். எதில் நிறம் சீராக இருக்கிறது? மேலே தந்த எண்களைக் கொண்டு காரணம் எழுதுங்கள்.